வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைக்கிற வியாதி

சென்னையிலிருந்து திருப்பதி போகிற சாலையில், திருவள்ளூர் தாண்டி திருத்தணிக்கு முன்னால் வருகிற ஊர் கனகம்மாசத்திரம். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கன் படுத்து எழுந்தால் களைப்பு தீரும், அதுதான் சத்திரத்தின் வேலை. மனுஷனுக்குப் பொருந்துகிற இந்த நியாயத்தை பேட்டரிக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. வண்டி ஓடவில்லையா, பேட்டரிக்கு ஓய்வு, அப்படியே புதுசாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. இல்லீங்க. லெட்-ஆசிட் பேட்டரி சும்மா இருந்தே சாகிற ரகம்.

இந்தப் பக்கத்து விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலேயே திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு இழுக்கிற டிராக்டர், பருவம் முடிந்தால் நாள்கணக்கில் கொட்டகையில் நிற்கும். விவரமான டிராக்டர்காரர் நிறுத்தும்போதே நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவார். ஒரு ஸ்பேனர், இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். ஆனால் அதே சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை உறுமிக்கொண்டு போகிற கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறதே, அதன் முதலாளிக்குத் தெரிந்த ஒரே பேட்டரி வைத்தியம், வாட்ச்மேனைக் கூப்பிட்டு "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விடுப்பா" என்று சொல்வதுதான்.

இந்த வைத்தியம் ஊரெல்லாம் பரவியது 2020-ல். மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு. சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் ஜூன் 19 முதல் மறுபடியும் முழு அடைப்பு. ஆல்டோவோ ஆடியோ, எல்லா காரும் ஒரே ராத்திரியில் "எப்போதாவது ஓட்டுகிற கார்" ஆகிவிட்டது. உடனே வாட்ஸ்அப்பில் அறிவுரை கொட்டியது: மூன்று நாளுக்கு ஒருமுறை, வாரத்துக்கு ஒருமுறை, அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்... ஊரடங்கு முடிந்து வருஷங்கள் ஓடியும் அந்த அறிவுரை போகவில்லை. சாதாரண கார்க்காரர்கள் பழையபடி தினமும் ஆபீஸ் போக ஆரம்பித்துவிட்டார்கள், பிரச்சினை தானாகத் தீர்ந்தது. ஸ்போர்ட்ஸ் கார்க்காரருக்கு மட்டும் வருஷம் முழுக்க ஊரடங்குதான்.

சரி, இந்தப் பத்து நிமிஷ வைத்தியத்துக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு எழுதிப் பார்க்கலாம். காமர்ஸ் படிக்காதவர்களுக்கும் புரிகிற கணக்குதான், பயப்பட வேண்டாம்.

பேட்டரி 60 ஆம்பியர்-மணி என்று வையுங்கள். கார் பூட்டி நிற்கும்போதும் சில விஷயங்கள் தூங்காது. திருட்டு அலாரம், சாவி எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கிற ரிசீவர், கம்ப்யூட்டர்களின் நினைவகம், கடிகாரம். இதெல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. வாரத்துக்கு 8.4. இது செலவு. (வெளியே கடையில் மாட்டின ஜி.பி.எஸ். டிராக்கர், டேஷ் கேமரா எல்லாம் இருந்தால் செலவு இன்னும் ஏறும். சாவியைக் கார் பக்கத்திலேயே மாட்டி வைத்தால் சில கார்கள் சரியாகத் தூங்கவே தூங்காது.)

இப்போது வரவு. ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் மாதிரி இழுக்கும், ஆனால் இரண்டு மூன்று விநாடிதான். கணக்கில் அது 0.17 ஆம்பியர்-மணி, சில்லறைக் காசு. "ஸ்டார்ட் பண்ணினாலே பேட்டரி காலி" என்று சொல்கிறவர்களும் தப்பாகத்தான் சொல்கிறார்கள். வரவு பலவீனமாக இருப்பதுதான் நிஜமான சிக்கல். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் முழு பலத்தில் சுற்றாது. அது கொடுக்கிறதில் ஃபேன், ஃப்யூயல் பம்ப், இக்னிஷன், வாட்ச்மேன் போட்டுக்கொண்ட ஏ.சி. எல்லாம் பங்கு கேட்கும். மீதி பேட்டரிக்கு 15 ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வையுங்கள். பத்து நிமிஷத்துக்கு 2.5. ஸ்டார்ட் செலவைக் கழித்தால் 2.3.

செலவு 8.4, வரவு 2.3. வாரா வாரம் 6 ஆம்பியர்-மணி நஷ்டம். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் மூன்றரை வாரத்தில் பாதியாகியிருக்கும் பேட்டரி, இந்த வைத்தியத்தால் ஐந்து வாரத்தில் பாதியாகும். அதாவது தலைவர் பேட்டரியைக் காப்பாற்றவில்லை, சாவைத் தவணை முறையில் வாங்கியிருக்கிறார். அதுவும் பேட்டரி தனக்குத்தானே இழக்கிற சார்ஜை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த இழப்பு 10 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். திருத்தணி வெயில் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் மே மாதம் வந்தவர்களைக் கேளுங்கள், 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே கிடையாது.

பாதி காலியானால் என்ன, திரும்ப ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அங்கேதான் வேதியியல் கையை விரிக்கிறது. சார்ஜ் இறங்க இறங்க இரண்டு பக்கத் தகடுகளிலும் லெட் சல்ஃபேட் படியும். உடனே ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குப் போகும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் படிகம் பெரிசாகி இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாகத் திரும்பாது. தகட்டில் அந்த இடம் செத்த இடம். 60 என்று எழுதியிருக்கிற பேட்டரி 40 ஆகும், அப்புறம் 30.

இன்ஜினுக்காவது இந்தப் பத்து நிமிஷம் நல்லதா என்றால் அதுவும் இல்லை. முழுச் சூடு ஏறாமல் நிறுத்தினால் எரிந்ததில் பிறந்த தண்ணீர் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். வண்டி நகராததால் டயருக்கும் லாபமில்லை, பிரேக் டிஸ்க்கில் துருவும் போகாது.

ஆனால் காரை விடுங்கள். அந்த வாட்ச்மேனை யாராவது நினைத்துப் பார்த்தார்களா? அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங், ஃபேன் ஓடாத நேரம், பெரிய இன்ஜின், சூடேறாத கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். குளிர்ந்த இன்ஜின் முதல் சில நிமிஷத்தில்தான் அதிகமாக கார்பன் மோனாக்சைடு விடும். மணமில்லை, நிறமில்லை. தலைவலி வந்தால் வெயில் என்று நினைத்துக்கொள்வார். ஒரு பேட்டரி விலையை மிச்சம் பிடிக்க இன்னொருத்தர் நுரையீரலில் செலவு எழுதுகிற கணக்கு இது. எந்த அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டிலும் இதற்கு இடமில்லை.

அடுத்து, கடையில் நடக்கிற கூத்து. ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் விற்பனையாளர் எடுத்துப் போடுகிற முதல் எண் சி.சி.ஏ., அதாவது குளிரில் ஸ்டார்ட் பண்ணுகிற திறன். 600-க்கு 700 உசத்தி, 700-க்கு 800 உசத்தி என்று போகும். அந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? பேட்டரியை மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைத்து, 30 விநாடிக்கு எத்தனை ஆம்பியர் கொடுத்தும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். மைனஸ் 18! கனகம்மாசத்திரத்தில் மார்கழி விடியற்காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடிக்கிறவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். கார் கம்பெனி சொல்கிற அளவு இருந்தால் போதும். அதற்கு மேலே கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் இங்கே வராத பனிக்காகக் கட்டுகிற இன்சூரன்ஸ் பிரீமியம். இங்கே பேட்டரியைக் கொல்வது வெயில், அதைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தை சொல்லாது.

பார்க்க வேண்டியதே வேறு. முதலில், காரில் ஏற்கெனவே இருப்பது எந்த வகை? ஏ.ஜி.எம். என்றால் மறுபடியும் ஏ.ஜி.எம்.தான். அதில் அமிலம் கண்ணாடி நார் விரிப்பில் ஊறி நிற்கும், ததும்பாது, ஆழமாக இறங்கி ஏறுவதை சாதாரண பேட்டரியை விட நன்றாகத் தாங்கும். பி.எம்.டபிள்யூ. மாதிரி கார்களில் புது பேட்டரி போட்டால் அதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யவும் வேண்டும். இல்லாவிட்டால் அது கிழவனுக்குக் கொடுக்கிற மாதிரியே குழந்தைக்கும் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும். டிக்கியில் இருக்கிற பேட்டரி என்றால் வாயு வெளியேறும் குழாயைத் திரும்ப மாட்டினார்களா என்று நின்று பாருங்கள், அதை மறப்பது சகஜம்.

இரண்டாவது, தயாரித்த மாதம். கடை அலமாரியில் எட்டு மாதம் சார்ஜ் இல்லாமல் உட்கார்ந்திருந்த பேட்டரியும் "புதுசு"தான், பில்லில். ஆனால் மேலே சொன்ன சல்ஃபேட் கதை அலமாரியிலேயே ஆரம்பித்திருக்கும். காய்கறி வாங்குகிற மாதிரி தேதி பார்த்து வாங்க வேண்டிய பொருள் இது.

மூன்றாவது, வாரண்டி அட்டையின் பொடி எழுத்து. 54 மாதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், உதாரணத்துக்கு அதில் 36 மாதம்தான் இலவச மாற்று, மீதி 18 மாதம் விகிதாச்சாரம் என்று உள்ளே இருக்கும். விகிதாச்சாரம் என்றால் புது பேட்டரியின் விலையில் ஒரு பகுதி தள்ளுபடி, அவ்வளவுதான், மாதம் ஆக ஆகத் தள்ளுபடியும் சுருங்கும். அதை விட முக்கியமானது, சும்மா சார்ஜ் இறங்கிப்போன பேட்டரி வாரண்டிக்குள் வராது. அது தயாரிப்புக் குறை இல்லை, உங்கள் பராமரிப்புக் குறை. எப்போதாவது ஓட்டுகிற கார்க்காரரின் பேட்டரி சாவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான் என்பதால், நீளமான வாரண்டிக்காக அவர் கொடுக்கிற கூடுதல் காசு யாருக்குப் போகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வருமான வரியில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு சொத்தை வாங்கின வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் தேய்மானம் பாதிதான். சட்டம் எழுதினவர்கள் பயன்படுத்தாத பொருள் தேயாது என்று நம்பியிருக்கிறார்கள். பேட்டரியைப் பார்த்ததில்லை போல :-)

"மெயின்டனன்ஸ் ஃப்ரீ" என்ற ஸ்டிக்கருக்கும் ஒரு வார்த்தை. அதற்கு அர்த்தம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம் என்பது மட்டும்தான். 2012-ல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் இன்வெர்ட்டர் வாங்கின வீடுகளில், பாட்டி கூட மிதவையைப் பார்த்து தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொண்டார். அந்தப் பழக்கம் மூடி திறக்காத பேட்டரி வந்ததும் "ஒன்றுமே பார்க்க வேண்டாம்" என்று மாறிவிட்டது.

காசு இருந்தால் லித்தியம் போடலாமே என்பது அடுத்த கட்சி. போர்ஷே கம்பெனியே 2010-ல் 911 ஜி.டி.3 மாதிரி கார்களுக்கு லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. ஆறு கிலோவுக்கும் குறைவு, லெட் பேட்டரியை விட பத்து கிலோவுக்கு மேல் லேசு. ஜெர்மனியில் விலை 1,904 யூரோ. கூடவே சாதாரண லெட் பேட்டரி ஒன்றையும் கையில் கொடுத்தார்கள், குளிர் காலத்தில் மாட்டிக்கொள்ள! அதன் கொள்ளளவு 18 ஆம்பியர்-மணி. ரேஸ் டிராக்கில் பத்து கிலோ குறைவது பெரிய விஷயம், இருங்காட்டுக்கோட்டைக்கு மாதம் இரண்டு முறை போய் லேப் அடிக்கிறவர் போடட்டும். அடித்தளத்தில் போர்வை போர்த்தி நிற்கிற காருக்கு எதற்கு? 18 ஆம்பியர்-மணியை அதே 50 மில்லி ஆம்பியர் 15 நாளில் முழுசாகக் குடித்துவிடும்.

அப்படியானால் சரியான வழி என்ன? ரகசியம் ஒன்றும் இல்லை. ஃபெராரி வாங்கினால் காரோடேயே ஒரு பேட்டரி கண்டிஷனர் தருகிறார்கள். தயாரித்தவனுக்கே தெரியும் இந்தக் கார் நின்றுகொண்டுதான் இருக்கப் போகிறது என்று. பிளக்கில் சொருகி பேட்டரியில் மாட்டிவிட்டால், முழுசாக ஏற்றின பிறகு 13.5 வோல்ட் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, குறைகிறதை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும். சராசரியாக 5 வாட் எடுத்தாலும் மாதம் நாலு யூனிட் கூட வராது. ஆனால் பல வீடுகளில் அது பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் டிக்கியில் கிடக்கும்.

இதைப் பழைய டிரிக்கிள் சார்ஜரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று பார்க்காமல் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ரோட்டோரக் கடையில் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிற முறையும் டிராக்டருக்கு ஓகே, குறைந்த தண்ணீரை ஊற்றிக்கொள்ளலாம். ஏ.ஜி.எம்.மில் போன தண்ணீர் போனதுதான், மூடி திறந்து ஊற்ற வழியில்லை.

அடித்தளத்தில் பிளக் பாயின்ட் இல்லையா? (அசோசியேஷன் மீட்டிங்கில் பொது மீட்டர் சண்டை வேறு. கோடி ரூபாய் காருக்கு நாலு யூனிட் யார் கட்டுவது என்று மூன்று மணி நேரம் பேசுவார்கள்.) அப்போது இருக்கவே இருக்கிறது டிராக்டர்காரர் வழி. நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைப்பது, அல்லது ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச். கடிகாரம் தப்பும், ரேடியோ கோட் கேட்கும், ஜன்னல் கண்ணாடியைத் திரும்பப் பழக்க வேண்டியிருக்கலாம், அலாரமும் வேலை செய்யாது. அதோடு கழற்றுவதற்கு முன் காரின் கையேட்டைப் படித்துவிடுவது புத்திசாலித்தனம். 911 காரின் சில தலைமுறைகளில் பேட்டரி இருப்பது முன்பக்க டிக்கியில், அந்த டிக்கி திறப்பது கரண்டில். பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காவிட்டால் பேட்டரியைத் தொட முடியாது. ஃப்யூஸ் பெட்டியில் வெளியே இழுக்கிற ஒரு முனை வைத்திருப்பார்கள், அதில் வேறு பேட்டரியிலிருந்து உயிர் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். இது தெரியாமல் டிக்கியை நெம்பினால் பெயின்ட் செலவு தனி.

நடுவழியில் நின்றுவிட்டால் இன்னொரு கண்டம். திருப்பதி ரோட்டில் உதவிக்கு நிற்கிற லாரிக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் லாரி 24 வோல்ட். அதிலிருந்து ஒயர் இழுத்து 12 வோல்ட் காருக்குக் கொடுத்தால் கம்ப்யூட்டர்கள் எரியும். டிராக்டர் பெரும்பாலும் 12 வோல்ட். ஆகவே இரண்டு கோடி ரூபாய் கார் கரும்பு டிராக்டரிடம் கைநீட்டுவதுதான் அங்கே பாதுகாப்பு.

மற்றபடி, பத்து நாளுக்கு ஒருமுறை நிஜமாகவே ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். காரை நிறுத்தி சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6-க்கு மேல் இருந்தால் ஏறக்குறைய நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. முக்காலுக்குக் கீழே போக விடக் கூடாது.

"அவர் காசு, அவர் கார், செத்தால் புதுசு வாங்கிக்கொள்வார், உங்களுக்கு என்ன?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி மாதிரித் தெரியும். பேட்டரி என்பது வெறும் காசாக இருந்தால் நியாயம்தான். ஒரு பெரிய கார் பேட்டரியில் ஒன்பது, பத்து கிலோ ஈயம் இருக்கிறது. ஐந்து வருஷம் வர வேண்டியது இரண்டு வருஷத்தில் போனால் அந்த ஈயம் அத்தனை முறை அதிகமாக உடைபட்டு, உருகி, வார்க்கப்படும். ஊரடங்கு நடந்த அதே 2020 ஜூலையில் யுனிசெஃப்பும் பியூர் எர்த்தும் ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகத்தில் ஏறக்குறைய 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது, அதில் 27 கோடிக்கு மேல் இந்தியாவில். முறையில்லாமல் பேட்டரியை உடைத்து உருக்குவது முக்கியக் காரணங்களில் ஒன்று என்கிறது அந்த அறிக்கை.

முறையான பெரிய தொழிற்சாலை என்றாலும் கேள்வி ஓய்வதில்லை. கனகம்மாசத்திரத்திலிருந்து இதே சாலையில் திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா தாண்டினால் கரகம்பாடி. அமரான் பேட்டரி செய்கிற அமர ராஜா ஆலை அங்கேதான் இருக்கிறது. 2021 ஏப்ரல் கடைசியில் ஆந்திர மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஈய மாசைக் காரணம் காட்டி மூட உத்தரவிட்டது, நிறுவனம் உயர் நீதிமன்றம் போய் இடைக்கால நிவாரணம் வாங்கியது. அரசியல் பழிவாங்கல் என்றும் ஒரு தரப்பு சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். ஈயம் வேலை செய்கிற இடத்தில் அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதில் விவாதமே இல்லை.

2001-லிருந்தே பழைய பேட்டரியைத் திரும்ப வாங்க வேண்டும் என்று விதி உண்டு, 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் இன்னும் அழுத்தமாக வைத்தன. ஆகவே செத்த பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கடைக்கே திருப்பிக் கொடுத்து, பில்லில் அந்தத் தொகையைக் கழித்து எழுதச் சொல்லுங்கள். தள்ளுவண்டிக்காரர் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் அவரிடம் போட வேண்டாம்.